மனநலக் குழுவுக்குப் பொறுப்பேற்றிருக்கிறீர்களா? வாரத்தில் ஒரு மணி நேரத்தை இப்படிப் பூட்டி வையுங்கள்

ஒரு தட்டுவடை செட்டுக்காக எங்கள் மனநல இல்லத்தில் இரண்டு நர்சு சிஸ்டர்கள் மூன்று வாரம் பேசிக்கொள்ளவில்லை. சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் துருவிய பீட்ரூட், கேரட்டும் வைத்துத் தருவார்கள். ஐந்தாம் அறையில் இருந்த ஓர் அம்மாவுக்கு அது உயிர். பகல் சிஸ்டர் வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை நோய் இருக்கிறவருக்கு இதையா கொடுப்பது என்று இரவு சிஸ்டர் எடுத்து வைத்துவிட்டார். அந்த அம்மா பகலில் சொல்வார், "நீதான் எந்தாயி, ராத்திரி வர்றவ ராட்சசி." இரவில் சொல்வார், "பகல்ல வர்றவளுக்கு ஒண்ணுந்தெரியல, நீ ஒருத்திதான் எம்மேல அக்கறையா இருக்கற."

இருவருமே நல்ல சிஸ்டர்கள். இருவருமே அதை நம்பினார்கள். பதினைந்து நாளில் சமையல் அக்கா, வாட்ச்மேன் அண்ணன் வரைக்கும் குழு இரண்டு கட்சியானது. நான் ஒருங்கிணைப்பாளர் ஆகி அப்போது நான்கு மாதம். மனநலச் சமூகப் பணியாளராகப் பதினோரு வருட அனுபவம் உண்டு, ஆட்களை நடத்திய அனுபவம் கிடையாது. இருவருக்கும் மெமோ கொடுத்தேன். மறுநாளே இரவு சிஸ்டர் ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்தார். அதைத் திரும்பப் பெற வைக்க ஒன்றரை மாதம் ஆனது.

அந்த ஒன்றரை மாதத்திலும் அதற்குப் பிறகும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதும் தப்பாகச் செய்ததும்தான் இந்தக் கட்டுரை. மறுவாழ்வு இல்லம், போதை மீட்பு மையம், மாவட்ட மனநலத் திட்டக் குழு, தனியார் கிளினிக் என்று எதிலாவது புதிதாகப் பொறுப்புக்கு வந்திருந்தால் உங்களுக்கு உதவும். குழு உட்கார்ந்து பேச வாரத்தில் ஒரு மணி நேரத்தை எப்படி ஏற்பாடு செய்வது, எதை எழுதி வைப்பது, எவ்வளவு ஆகும், எங்கே சறுக்கும் என்பது மட்டுமே இதில் இருக்கிறது. ஏற்பாட்டுக்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள். பலன் கண்ணில் பட எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது.

1. நான்கு கருத்துகளை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

இந்த நான்கும் சைக்கோடைனமிக் பார்வையிலிருந்து வந்தவை, அதாவது நடத்தைக்குப் பின்னால் மனதுக்குள் ஓடும் உணர்வுகளைப் பார்க்கும் பார்வை. அந்தச் சொல்லைக் குழுவிடம் சொல்லவே வேண்டாம். நான் சொன்னேன். வேன் ஓட்டும் அண்ணன் "டைனமோவா மேடம்?" என்று கேட்டார். சொல் உங்கள் தலைக்குள் இருந்தால் போதும்.

முதல் கருத்து: நோயாளிக்கு உள்ளே நடக்கும் சண்டை பணியாளர்களுக்கு இடையில் வந்து நடக்கும். அந்த அம்மாவின் மனதுக்குள் பாசம் ஒருபக்கம், பயம் ஒருபக்கம். இரண்டையும் ஒரே ஆளிடம் வைக்க அவரால் முடியவில்லை. பாசத்தை ஒரு சிஸ்டரிடமும் பயத்தை இன்னொருவரிடமும் ஒப்படைத்துவிட்டார், ஷிப்ட் மாறும்போது அதையும் மாற்றினார். நாங்களும் சமர்த்தாக வாங்கிக்கொண்டு சண்டை போட்டோம். இங்கிலாந்தின் காசல் மருத்துவமனையில் இருந்த மனநல மருத்துவர் டாம் மெய்ன் 1957-இல் இதைப் பற்றித்தான் எழுதினார். நர்சுகளோடு உட்கார்ந்து பேசியதில் அவருக்கு இன்னொன்றும் தெரியவந்தது. அமைதிப்படுத்தும் மருந்து கொடுக்கப்பட்டது பெரும்பாலும் நர்சின் பொறுமை தீர்ந்த நேரத்தில். விழுங்கியது நோயாளி, நிம்மதியானது நர்சு.

இதைப் படித்துவிட்டு எங்கள் எஸ்.ஓ.எஸ். ஊசிப் பதிவேட்டை (தேவைப்படும்போது மட்டும் போடும் ஊசி) ஒரு மாதத்துக்குப் புரட்டினேன். இரவு 7 மணிக்கும் 8:30-க்கும் இடையில்தான் அதிகம், அதாவது ஷிப்ட் மாறும் நேரம். உங்கள் பதிவேட்டையும் புரட்டுங்கள். காசு செலவில்லாத முதல் வேலை இது. பார்த்ததை யாரிடமும் குற்றமாகச் சொல்லாதீர்கள், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: பதற்றத்தில் இருக்கும் குழு, வேலையை விட்டுவிட்டு மூன்று வழிகளில் ஒன்றில் போய் ஒளிந்துகொள்ளும். இதைச் சொன்ன பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் வில்ஃப்ரெட் பியான் நம் நாட்டு மதுராவில் 1897-இல் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் சொன்ன மூன்றையும் எங்கள் வராந்தாவிலேயே கேட்கலாம். "டாக்டர் வரட்டும், அவர் சொல்லட்டும்" என்பது ஒன்று. "எல்லாத்துக்கும் மேனேஜ்மென்ட்தான் காரணம்" என்று சண்டைக்கு நிற்பதோ நழுவி ஓடுவதோ இரண்டாவது. "புது சைக்காலஜிஸ்ட் வந்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்று யாரோ இருவர் கூடி நல்லது செய்யப்போவதாகக் காத்திருப்பது மூன்றாவது. எது ஓடுகிறது என்று கண்டுபிடித்தாலே உங்களுக்குப் பாதிக் கோபம் போய்விடும்.

மூன்றாவது: நாம் 'சிஸ்டம்' என்று சொல்லும் பல வழக்கங்கள் பயத்தைத் தாங்கிக்கொள்ள உண்டானவை. லண்டன் பயிற்சி மருத்துவமனை ஒன்றின் நர்சுகளை ஆராய்ந்து உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் 1960-இல் எழுதியது இது. நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணாலோ நோயுள்ள உறுப்பாலோ குறிப்பிடுவது, ஒரே ஆளை ஒரே நர்சு முழுதாகப் பார்க்கவிடாமல் வேலையைத் துண்டு துண்டாக்குவது, சரிபார்த்ததையே மறுபடி மறுபடி சரிபார்ப்பது. "மூணாம் ரூம் மாத்திரை சாப்ட்டாச்சா?" என்று கேட்கும்போது அங்கே ஓர் ஆள் இல்லை, அறைதான் இருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் மறுநாளே "எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்" என்று சுற்றறிக்கை விடாதீர்கள். அந்த வழக்கம் அவர்களுக்குக் குடை. மழையில் நிற்கிறவர் கையிலிருந்து குடையைப் பிடுங்கக் கூடாது.

நான்காவது: நோயாளி மேல் வெறுப்பு வரும். வந்தால் அது குற்றமில்லை. வந்ததை ஒளித்தால்தான் ஆபத்து. குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட் 1949-இல் வெளியான கட்டுரையில் இதை ஒளிவுமறைவில்லாமல் பேசியிருக்கிறார். பேசப்படாத வெறுப்பு எங்கே போகும் என்று எல்லா வார்டுக்கும் தெரியும்: உரக்கப் பேசுவது, சோற்றைத் தள்ளிவைப்பது, கட்டிப் போடுவது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 97-இன்படி தனிமைச் சிறை கூடவே கூடாது. கட்டுப்படுத்துவது என்பது உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீளாமல். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தச் சட்டத்தை வகுப்பெடுத்துச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். "எனக்கு அவனைப் பார்த்தா பயமா இருக்கு" என்று ஒரு பணியாளர் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எங்கள் இல்லத்தில் கயிறு குறைந்தது.

2. தாள்களை முதலிலேயே முடித்துவிடுங்கள்

நான்கே தாள்கள்தான். முத்திரைத்தாள் எதற்கும் வேண்டாம்.

நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதம். இதில் நான் செய்த தவறு, 'உளவியல் குழுச் சிகிச்சை' என்று தலைப்புப் போட்டது. டிரஸ்டி ஒருவர் "உங்களுக்கெல்லாம் என்னம்மா நோய்?" என்றார். கடிதம் இரண்டு வாரம் தூங்கியது. 'வாராந்திரப் பணி ஆலோசனைக் கூட்டம்' என்று மாற்றி எழுதினேன், மூன்றாம் நாள் கையெழுத்தானது. கடிதத்தில் இருக்க வேண்டியவை: கிழமை, நேரம், எத்தனை பேர், அந்த நேரத்தில் வார்டைப் பார்த்துக்கொள்வது யார், மாதச் செலவு, ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை. இன்னொரு வரியைக் கட்டாயம் சேருங்கள்: 'இக்கூட்டத்தில் பேசப்படுவதற்கு அறிக்கை தரப்படாது.' பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் பிறகு கிடைக்காது.

குழு ஒப்பந்தத் தாள். எங்களுடையதை அப்படியே தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்:

'இங்கே பேசுவது இங்கேயே நிற்கும், வாட்ஸ்அப்புக்குப் போகாது. நோயாளியின் பெயர், ஊர், சாதி, குடும்ப அடையாளம் சொல்ல மாட்டோம். இங்கே சொன்னதை வைத்து யாருக்கும் மெமோவோ இடமாற்றமோ சம்பளக் குறைப்போ கிடையாது. பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு. நோயாளிக்குத் துன்பம் நேர்ந்தாலோ, யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றாலோ இந்த ரகசியம் செல்லாது. அது அன்றே உரியவரிடம் போகும்.'

கடைசி இரண்டு வாக்கியங்கள் இல்லாமல் கையெழுத்து வாங்காதீர்கள். நோயாளியின் தகவலை ரகசியமாக வைப்பது நம் விருப்பம் அல்ல, அதே 2017 சட்டத்தின் பிரிவு 23. வெளி ஆள் ஒருவர் கூட்டத்தில் உட்காரும்போது பெயரை மறைப்பது இன்னும் அவசியம்.

மூன்றாவது, நடத்தித்தர வருகிறவருக்கான கடிதம். கட்டணம், ரத்தானால் என்ன, நிர்வாகத்துக்கு எந்த அறிக்கையும் தரமாட்டார் என்பது, பணியாளர் யாரையும் தனிப்பட்ட சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ள மாட்டார் என்பது.

நான்காவது, வருகைப் பதிவேடு. தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், தலை எண்ணிக்கை. ஐந்தாவதாக ஒரு பத்தி போடாதீர்கள். எங்கள் கணக்கர் நல்லெண்ணத்தில் 'பேசிய பொருள்' என்று ஒரு பத்தி கோடு போட்டுக் கொடுத்தார். அடுத்த இரண்டு வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இதோடு சேர்த்து ஒன்று. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். உங்கள் இடத்தில் இருக்கிறதா என்று இந்தக் கூட்டத்தைத் தொடங்கும் முன்பே பாருங்கள். அப்படி ஒரு புகார் இந்த அறையில் எழுந்தால் பேசி ஆற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குரிய இடம் அந்தக் குழு. எழுத்துப் புகாருக்கு மூன்று மாதக் கெடு இருக்கிறது, 'மனசுவிட்டுப் பேசுகிறோம்' என்று அந்தக் கெடுவை ஓட்டிவிடாதீர்கள்.

3. கிழமை, மணி, நாற்காலி

புதன்கிழமை 2:15 முதல் 3:15 என்று வைத்தோம். மதியச் சாப்பாடும் மாத்திரையும் முடிந்திருக்கும், 2 மணிக்குப் பகல் ஷிப்ட் இறங்கி மாலை ஷிப்ட் ஏறும், இரண்டு ஷிப்டும் கையில் கிடைக்கும் ஒரே நேரம் அது. டாக்டர் வரும் கிழமையைத் தவிர்த்தோம். பகல் சிஸ்டர் ஒரு மணி நேரம் கூடுதலாக இருப்பதால் அதற்கு ஓவர்டைம் உண்டு. கொடுக்காமல் 'உங்க நல்லதுக்குத்தானே' என்று சொல்லிப் பார்க்காதீர்கள்.

இரவு ஷிப்ட் எப்போதும் விடுபட்டுப் போகும். மாதத்தில் ஒரு கூட்டத்தைக் காலை 7:30-க்கு மாற்றினோம். தூக்கக் கண்ணோடு வருவார்கள், பரவாயில்லை. யார் விடுபடுகிறாரோ அவர்தான் குழுவின் கெட்டவராக ஆவார், இது எழுதாத விதி.

3:15 என்றால் 3:15. யாராவது அழுதுகொண்டிருந்தாலும் முடியுங்கள். முதலில் எனக்கு இது ஈரமில்லாத செயலாகப் பட்டது. ஒரு நாள் நாற்பது நிமிடம் நீட்டினேன். அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை. எங்கே முடியும் என்று தெரிந்தால்தான் ஆள் பேசத் தொடங்குகிறார்.

நாற்காலிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். உங்களுக்கு மட்டும் கைவைத்த நாற்காலி வேண்டாம். துப்புரவு அக்கா கதவோரம் நின்றுகொண்டே இருப்பார், டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதனால் டீயைக் கூட்டம் முடிந்த பிறகு பிளாஸ்க்கில் வைத்தோம், ஊற்றிக்கொள்வது அவரவர். நோயாளிகளோடு அதிக நேரம் இருப்பவர் அந்த அக்கா. நான்காம் மாதம் அவர் சொன்ன ஒரே வாக்கியத்தில் நாங்கள் கேஸ் ஷீட்டில் தவறவிட்ட விஷயம் வெளியே வந்தது. அது என்ன என்று எழுத மாட்டேன், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

ஆடியில் தொடங்காதீர்கள். சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் பாதிப் பேர் லீவு, குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைக்கு மீதிப் பேர். ஆவணியில் ஆரம்பித்தால் தீபாவளிக்குள் பழக்கமாகிவிடும். ஆன்லைன் கூட்டமாக இருந்தால் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

4. நடத்தித்தர யாரைக் கூப்பிடுவது

நீங்களே நடத்தக் கூடாது. குறைந்தது முதல் ஆறு மாதம். லீவு கொடுக்கிறவரும் மனதைத் திறக்கச் சொல்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் கதவு திறக்காது.

முதலில் நான் பிடித்தது ஒரு மோட்டிவேஷன் பேச்சாளரை. ஒரு நாளைக்கு 15,000 ரூபாய். பலூன் ஊதச் சொன்னார், ஊதினோம். 'பாசிட்டிவ் எனர்ஜி' என்று பலூன் மேல் எழுதச் சொன்னார், எழுதினோம். மாலையில் இரண்டு சிஸ்டர்களும் வேறு வேறு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு கிடைத்தவர் பெங்களூருவில் இருக்கும் தமிழர், ஓய்வுபெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மாதம் ஒரு முறை ஆன்லைனில். மீதி வாரங்களில் குழுவே மாறி மாறி நடத்தும். நீங்கள் ஆள் தேடும்போது கேட்க வேண்டியவை: ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் (கேட்பது அவமரியாதை இல்லை), குழுக்களோடு வேலை செய்த அனுபவம், அவருக்கே மேற்பார்வை தருகிறவர் யாராவது இருக்கிறாரா என்பது. தமிழ் கட்டாயம். 'எரிச்சல்', 'சலிப்பு', 'கடுப்பு' மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவர் இந்த வேலைக்கு ஆக மாட்டார். உங்கள் இல்லத்துக்கு வந்துபோகும் டாக்டரையே கேட்காதீர்கள். அவர் உட்கார்ந்தால் பத்துத் தலையும் அவர் பக்கம் திரும்பும், பியான் சொன்ன முதல் வழி திறந்துவிடும். அரசுக் குழுவாக இருந்தால் வெளி ஆளுக்குக் கட்டணம் கொடுப்பது சிரமம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தின் மனநலத் துறையில், உங்கள் அன்றாட மேலதிகாரியாக இல்லாத ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்.

5. செலவு

எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன், உங்கள் கணக்கு மாறலாம். கூட்டத்தை நடத்தித்தரும் நடத்துநருக்கு மாதம் 2,000. வார்டைப் பார்த்துக்கொள்ளும் மாற்று ஆளுக்கும் ஓவர்டைமுக்குமாக வாரம் 250. டீ, பன் வாரம் 200. ஆக மாதம் 3,800, வருடத்துக்கு 45,600. டிரஸ்டிகள் முன்னால் இந்த எண்ணைத் தனியாக வைக்காதீர்கள். பயிற்சி பெற்ற ஒரு சிஸ்டர் விட்டுப்போனால் புது ஆளைத் தேட, பழக்க, அதுவரை மற்றவர்களுக்கு இரட்டை ஷிப்ட் கொடுக்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். எங்கள் கூட்டத்தில் அந்த இரண்டாவது எண்தான் பேசியது. ரசீது மறக்காமல் வாங்குங்கள், ஆடிட்டர் கேட்பார்.

6. அந்த ஒரு மணி நேரத்துக்குள்

லண்டனில் 1950-களில் உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலின்ட் பொது மருத்துவர்களோடு நடத்திய முறையைத்தான் கொஞ்சம் சுருக்கி வைத்துக்கொண்டோம். ஒருவர் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவார், பத்து நிமிடம், கேஸ் ஷீட் கையில் இல்லாமல், நினைவிலிருந்து. மறப்பதும் ஒரு தகவல்தான். பிறகு ஐந்து நிமிடம் சந்தேகம் கேட்கலாம். அதற்குப் பின் பேசியவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு வாயை மூடிக்கொள்வார். மற்றவர்கள் முப்பது நிமிடம் பேசுவார்கள். கடைசிப் பதினைந்து நிமிடம் அவர் திரும்பி வருவார்.

அந்த முப்பது நிமிடத்தில் அறிவுரை கூடாது. "நான் இருந்தா இப்படிப் பண்ணியிருப்பேன்" என்று யாராவது ஆரம்பித்தால் நடத்துநர் கையைத் தூக்குவார். நாங்கள் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று: இவரோடு இருக்கும்போது நமக்கு என்ன ஆகிறது?

தட்டுவடை அம்மாவைப் பற்றி ஆறாவது வாரம் பகல் சிஸ்டர் பேசினார். பேசும்போது "அவங்க கேட்டு இல்லைன்னு சொன்னா நான் பாவி மாதிரி இருக்கு" என்றார். இரவு சிஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு எப்பவுமே இல்லைன்னு சொல்ற வேலைதான் வருது" என்றார். அவ்வளவுதான். யாரும் விளக்கம் சொல்லவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் மின்விசிறிச் சத்தம் மட்டும். அடுத்த வாரம் இருவரும் டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் கேட்டு, மாதம் ஒரு முறை ஒரு செட் என்று முடிவு செய்து, காலை ஷிப்ட் மாறும்போது சேர்ந்தே போய் அந்த அம்மாவிடம் சொன்னார்கள். அவர் இருவரையும் ஒன்றாக நிற்கவைத்துத் திட்டினார். பிறகு ஒரு நாள் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள்.

முதல் நான்கு வாரம் மௌனமாகவோ வம்பாகவோ போகும். ஐந்திலிருந்து எட்டு வரை உங்களைத் திட்டுவார்கள், பெயர் சொல்லாமல். இந்தக் கட்டத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். இல்லத்தில் ஓர் இறப்போ, ஓடிப்போனதோ, தாக்குதலோ நடந்த வாரத்திலும் ரத்துச் செய்யாதீர்கள். ரத்துச் செய்யத் தோன்றும் வாரம்தான் கூட வேண்டிய வாரம். ஆனால் சம்பவ விசாரணையை வேறு நாளில், வேறு அறையில் வையுங்கள். இரண்டையும் கலந்தால் அடுத்த முறை யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

பணியாளர் யாருக்காவது சொந்த மனவலி கிளம்பினால் அதை இங்கே தோண்டாதீர்கள். 14416, டெலி மானஸ் எனும் அரசு மனநல உதவி எண், கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். எண்ணை அறைக்கதவில் ஒட்டிவைத்தோம். பணியாளர்களே கூப்பிடலாமா என்று கேட்டார்கள். தாராளமாக.

7. உங்கள் வாயைக் கட்டுங்கள்

பெரிய பொறி இதுதான், நான் விழுந்ததும் இதில்தான். நான்கு கருத்தைத் தெரிந்துகொண்டதும் எல்லோரையும் 'படிக்க' ஆரம்பித்தேன். லேட்டாக வந்தால் எதிர்ப்பு. லீவு கேட்டால் தப்பித்தல். மூத்த சிஸ்டர் ஒருவர் என்னிடம் குரலை உயர்த்தியபோது, ரொம்ப மென்மையாக, "நீங்க என்கிட்ட உங்க அம்மாவைப் பார்க்கிறீங்க சிஸ்டர்" என்றேன். அவர் சொன்னார், "எங்கம்மா சாப்ட்டியான்னு கேட்டுட்டுத்தான் மேடம் திட்டுவாங்க."

மணி அப்போது மூன்றரை. அவர் சாப்பிட்டிருக்கவில்லை.

பழைய உறவின் சாயலை இன்றைய ஆள்மேல் ஏற்றிப் பார்ப்பது உண்மையாகவே நடக்கும், தலைவர் மேல் இன்னும் அதிகமாக நடக்கும். அதை நீங்கள் தெரிந்துகொள்வது, உங்கள்மேல் வரும் கோபம் முழுவதும் உங்களுடையது அல்ல என்று பொறுத்துக்கொள்வதற்காக. அவர்களிடம் சொல்லிக் காட்டுவதற்காக அல்ல. சொன்னால் அது ஆயுதம். நான் எனக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பணியாளரைப் பற்றி ஏதாவது விளக்கம் தோன்றினால் ஒரு வாரம் வைத்திருப்பேன். ஒரு வாரத்தில் பெரும்பாலும் அது என்னைப் பற்றிய விளக்கம் என்று தெரிந்துவிடும்.

8. மலையில் வேலை செய்பவர்கள் இருந்தால்

எங்களில் மூன்று பேர் ஏற்காட்டுக்கு மேலே கிராமங்களுக்குப் போகிறவர்கள். இருபது கொண்டை ஊசி வளைவைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்து, மலையாளிப் பழங்குடி வீடுகளில் மருந்து பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அவர்களைப் புதன் 2:15-க்குக் கீழே வரச் சொல்வது நியாயமில்லை. மாதம் ஒரு முறை நாங்கள் மேலே போனோம், மற்ற வாரங்களில் போன் வழியாக. மேலே சிக்னல் நம்ப முடியாது, ஒரு மாற்று நேரத்தை முன்பே குறித்துவையுங்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் மலைப்பாதையில் நெரிசல், பெருமழையில் மண் சரிவு. அந்த வாரங்களைக் காலண்டரில் முதலிலேயே அடித்துவிடலாம்.

அங்கே ஒரு மாதம் பேச்சு முழுவதும் பயணப்படியைப் பற்றியே இருந்தது. ஒரு வீட்டில் மருந்து வரும் வரும் என்று காத்துக் காத்து ஓய்ந்துபோன குடும்பம். அந்தச் சோர்வை அங்கே போய்வந்த பணியாளர் சுமந்து இறங்கி, எங்களிடம் படி வரவில்லை என்ற கோபமாக இறக்கிவைத்தார் என்று நடத்துநர் காட்டினார். சரியாகத்தான் இருந்தது, எல்லோரும் தலையாட்டினோம். அப்போது அந்தப் பணியாளர் கேட்டார், "அப்ப படி வராதுங்களா?"

இரண்டு மாதப் பாக்கி இருந்தது. பாக்கியைத் தீர்க்காமல் அதன் அர்த்தத்தைப் பேசாதீர்கள். அடுத்த நாளே கொடுத்தோம், கொடுத்த பிறகுதான் அந்தக் குடும்பத்தைப் பற்றி அவரால் பேச முடிந்தது.

9. ஆறாம் மாதமும், நீங்கள் கிளம்பும் நாளும்

ஆறு மாதம் முடிந்ததும் நிர்வாகத்துக்கு அரைப் பக்கம் எழுதுங்கள்: எத்தனை கூட்டம் நடந்தது, சராசரி வருகை, செலவு. கூடவே உங்கள் சொந்தப் பதிவேடுகளிலிருந்து மூன்று எண்கள்: எஸ்.ஓ.எஸ். ஊசி, கட்டுப்படுத்தல், ராஜினாமா. குறைந்திருந்தால் குறைந்தது என்று எழுதுங்கள், கூட்டத்தால் குறைந்தது என்று எழுதாதீர்கள். எங்களுக்கு ஊசி குறைந்தது, அதே சமயம் டாக்டரும் மருந்தை மாற்றியிருந்தார்.

நான் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை விட்டபோது இரண்டு வாரம் முன்புதான் குழுவிடம் சொன்னேன். கடைசிக் கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் ஏசி ரிப்பேரைப் பற்றிப் பேசினார்கள். நீங்கள் மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். கோபம் வர, ஆற, அதற்குப் பிறகு வேலையைப் பற்றிப் பேச அவ்வளவு நாள் வேண்டும். நடத்துநரின் கடிதம், வருகைப் பதிவேடு, ஒப்பந்தத் தாள், அறைச் சாவி நான்கையும் புது ஆளிடம் கூட்டத்திலேயே, எல்லோர் முன்னாலும் கொடுங்கள். சாவிக்கு இரண்டாவது நகல் ஒன்று துப்புரவு அக்காவிடம் இருக்கட்டும், நாற்காலி போடுகிறவர் அவர்தான்.